ஆறு நூல் வித்தியாசம்

நூல்காரர் மனிதர்களை நம்புவதில்லை என்று தெருவில் சொல்வார்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம். மனிதர்களை மட்டும் தனியாகப் பிரித்து அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. தராசு, பூட்டு, மழை வரும் என்கிற வானொலி அறிவிப்பு, மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் காகிதம் எல்லாவற்றின் மேலும் அவருக்கு ஒரே அளவு சந்தேகம்தான். வீட்டில் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். காய்ச்சல் வந்தால் இரண்டையும் வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே அளவைக் காட்டிவிட்டால், இரண்டையும் ஒரே கடையில் வாங்கியது தப்பாகப் போயிற்று என்பார்.

அவர் மனைவி இதையெல்லாம் குறையாகச் சொல்வதில்லை, கதையாகச் சொல்வாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பற்றி ஏழு பேரிடம் விசாரித்தாராம். ஏழு பேரும் நல்ல பெண் என்றார்களாம். அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னதால் சந்தேகம் வந்து எட்டாவதாக ஒருவரைத் தேடிப் போனாராம். அந்த எட்டாவது ஆள், "கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்றதும்தான் மனசு சமாதானமாகி சம்மதம் சொன்னாராம். "அந்த எட்டாவது ஆளுக்கு நான் என்னைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கேன்" என்று முடிப்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நூல்காரர் சிரிக்க மாட்டார். எட்டாவது ஆள் சொன்னது சரியான தகவல் என்பது அவர் எண்ணம்.

இப்படி ஒருவர் கெட்டுப்போனதற்கு அவர் தொழிலும் காரணம். ஆரம்பத்தில் ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தார். பத்து வீடு எழும்புவதற்குள் உலகத்தில் நேரான சுவர் என்று ஒன்று கிடையாது என்று தெரிந்துவிட்டது. கோணலான சுவரைத் திருத்த இடிக்க வேண்டும். இரும்பு கோணினால் இழுத்தால் போதும். இந்த ஒரு வித்தியாசத்துக்காக அவர் சுவரை விட்டு இரும்புக்கு வந்தார். பழைய கார்களுக்கு அடியில் ஏணியைப் படுக்கப் போட்டதுபோல ஒரு சேஸிஸ் இருக்கும். இரண்டு நீளச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். வண்டி எங்காவது மோதினால் இந்த ஏணி கோணிக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். ஆனால் வண்டி சாலையில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். அதை நிமிர்த்துவதுதான் அவர் வேலை. ஏணியின் எட்டு இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். குண்டின் முனை தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பிறகு குறிக்குக் குறி நூல் கட்டி அளப்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கையும் அந்தத் தொழிலில் நூல் என்றுதான் சொல்வார்கள். ஆகவே சட்டைப் பையில் நூல், வாயில் நூல், ஆளுக்கும் அதே பெயர்.

முப்பது வருஷத்தில் அவரிடம் வந்தவர்களில் எதிலும் மோதியவர் என்று ஒருவர்கூட இல்லை. எல்லோர் மேலும் எதுவோ வந்து மோதியிருக்கிறது. சும்மா நின்ற வண்டியில் மரம் வந்து இடித்ததாகச் சொன்னவரும் உண்டு. நூல்காரர் மறுத்துப் பேச மாட்டார். வண்டியை ஏற்றி நிறுத்தி, நூலைக் கட்டி, எந்தப் பக்கத்திலிருந்து என்ன வேகத்தில் போய் எதில் இடித்தார்கள் என்று இரும்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவர் நம்பினார். நம்பினார் என்ற சொல்லை அவரைப் பற்றி எழுத வாய்ப்புக் கிடைப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

இந்த வேலை ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் செயினை இழுக்கும் எண்ணெய் ஜாக்கியை அழுத்த வேண்டும், இன்னொருவர் செயினையும் சட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செயின் அறுந்தால் எதிரே நிற்கிறவரின் கதை முடிந்தது. அந்த இன்னொருவர், மனைவியின் தம்பி. வெல்டர். பெற்றோர் இல்லாமல் அக்கா வளர்த்த தம்பி; அக்காவின் கல்யாணத்தோடு சேர்ந்து வந்தவன். இப்போது அவனுக்கும் ஒரு மனைவியும் மாடியில் ஒரு குடித்தனமும் உண்டு. பத்தொன்பது வருஷமாக மைத்துனன் அளவு சொல்வான், நூல்காரர் தலையாட்டுவார், பிறகு எழுந்து போய் அதே அளவைத் தானே மறுபடி எடுப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாக இருந்தால் சொல்வார். பத்தொன்பது வருஷத்தில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு புதுப் பட்டறை வந்தது. கண்ணாடிக் கதவு, ஒளியைப் பாய்ச்சி அளக்கும் இயந்திரம், உட்காரச் சோபா. அவர்களுக்கு நல்ல வெல்டர் வேண்டுமாம் என்று பக்கத்து அச்சகத்துக்காரர் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நூல்காரருக்கு வேறு வேலை இல்லை. மைத்துனன் போன் பேசிக்கொண்டே வாசல் வரை நடந்தால் இவர் கை நின்றுவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை சவரம் செய்துகொள்கிறவன் தினமும் செய்துகொள்ள ஆரம்பித்ததையும் குறித்துக்கொண்டார். அவன் போய்விட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும். மனைவிக்கு இன்னொன்றும் தெரியும். "அவன் போனா உங்களுக்கு ஒரு ஆள்தான் போவான். எனக்குப் பாதி வீடு போயிடும். அதை மனசுல வெச்சுக்கிட்டு சந்தேகப்படுங்க" என்று ஒருநாள் தட்டு கழுவிக்கொண்டே சொன்னாள். சந்தேகப்படாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. நடக்கிற காரியத்தைத்தான் அவள் கேட்பாள்.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் கார் வந்தது.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். வண்டிக்கு அதைவிட முப்பது வயசு கூட. அவர் அப்பா வைத்திருந்த வண்டி. நீண்ட மூக்கு, உருண்டையான விளக்குகள், கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடுகிற சத்தம். வீட்டு கேட் தூணில் இடது முன்பக்கம் இடித்துவிட்டது, நடக்கிற வேகம்தான் என்றார் டாக்டர். நூல்காரர் அந்தம்மாளின் முகத்தைப் பார்த்தார். ‘வலிக்காது' என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவர் சொல்லும் வேகத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசித்தார். டாக்டரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கன்னம் கொஞ்சம் தடித்திருக்கிறதே, உள்ளே ஒரு பல் கெட்டிருக்கும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார். காரைக் கொடுக்க வந்த இடத்தில் கடைக்கு ஆள் பிடிக்கிறாள் என்று நூல்காரர் முடிவுசெய்து, எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்.

வண்டியின் மேல்கூட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். முன்பக்கம் இரண்டு நாளில் நிமிர்ந்தது. டாக்டர் சொன்னது அச்சு மாறாமல் உண்மை. வளைவில் ஒட்டியிருந்த சிமென்ட் துகள், கோணம், வேகம் எல்லாம் ஒத்துப்போயிற்று. இதனால் நூல்காரர் கொஞ்சம் கலங்கிப்போனார். உண்மை சொல்லும் வாடிக்கையாளர் வேறு எதையோ மறைக்கிறார் என்பது அவர் அனுபவம்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் அந்தப் பல்லை அந்த டாக்டர்தான் எடுத்தார். வலிக்காது என்றார், வலித்தது, அந்த வகையில் நூல்காரருக்கு ஒரு திருப்தி. இரண்டு நாள் படுக்கை. அந்த இரண்டு நாளில் மைத்துனன் தனியாகப் பின்பக்கத்தைப் பிரித்து, சாமான்களைக் கழுவித் துடைத்து, சாக்கில் கட்டி, மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.

திரும்பி வந்ததும் நூல்காரர் பின்பக்கத்தை அளந்தார். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் மாட்டும் தாங்கி வரை இடப்பக்கம் ஓர் அளவு. வலப்பக்கம் அதைவிட ஆறு நூல் கூட. முக்கால் அங்குலம்.

தூணில் இடித்தது இடது முன்பக்கம். அந்த அடி வலது பின்பக்கத்தை முக்கால் அங்குலம் நீட்டாது. அப்படியானால் இது வேறு அடி. எங்கே பட்டது, எப்போது பட்டது? மைத்துனனிடம் கேட்டார்.

"பின்னாடி அப்படித்தான் இருந்துது மாமா. சட்டத்தைப் பிடிச்சிருக்கற ரிவெட்டு எதுவும் அசையல. அடி பட்ட மாதிரி தெரியல" என்றான் அவன்.

நூல்காரர் தலையாட்டினார். அடி படாமல் எந்தச் சட்டமும் முக்கால் அங்குலம் கோணாது. தான் படுத்திருந்த இரண்டு நாளில், தனியாக வேலை செய்தவன், வண்டியை ஸ்டாண்டிலிருந்து நழுவவிட்டிருக்கிறான், சொல்லப் பயம், ரிவெட் அசையவில்லை என்று முந்திக்கொள்கிறான். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? இதெல்லாம் மனசுக்குள். வெளியே, "சரி, இழுத்துடலாம்" என்றார்.

இழுத்தார்கள். வலது பின்தாங்கிக்குச் செயின் போட்டு, ஜாக்கியை அழுத்தி, சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நூல் சொன்னது. உடனே அவிழ்க்கக் கூடாது. ஒரு ராத்திரி இழுவையிலேயே கிடந்தால்தான் இரும்பு புது நிலைக்குப் பழகும் என்பது அவர் முறை. பூட்டிவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் ஜாக்கி இறங்கியிருந்தது. செயின் தொய்ந்திருந்தது. அளந்தால் அதே ஆறு நூல்.

அன்றைக்கு இரண்டு நூல் கூடுதலாகவே இழுத்தார்கள். மறுநாள் காலை, ஜாக்கி கீழே. ஆறு நூல்.

முப்பது வருஷத்தில் எத்தனையோ கோணல் பார்த்திருக்கிறார். அடிபட்டு வளைந்த இரும்பு இழுக்கும்போது முனகினாலும் பாதி வழியில் தானே இணங்கி வரும். இது வரவில்லை. விட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறது. இரும்பு அப்படிச் செய்யாது, மனிதன் செய்வான். ஜாக்கியை இறக்கிவிடும் திருகைத் தொட்டுப் பார்த்தார். கால் சுற்றுத் தளர்ந்திருப்பதுபோலத் தோன்றியது. பட்டறைச் சாவி இரண்டு. ஒன்று தன் இடுப்பில். இன்னொன்று எங்கே என்று அவருக்குத் தெரியும். எதற்காக என்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. வேலை கெட்டால் டாக்டர் வண்டியைப் புதுப் பட்டறைக்குக் கொண்டுபோவார். வண்டியோடு கூடவே வெல்டரும் போவான். வெறுங்கையோடு போவதைவிட ஒரு வாடிக்கையாளரோடு போவது மரியாதை அல்லவா?

மைத்துனன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஜாக்கித் திருகை யாரு தொட்டா?"

"யாரும் தொடல. உள்ளே வளையம் தேஞ்சிருக்கு மாமா. மாத்தணும்னு போன மாசமே சொன்னேன்."

"சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

அவன் கையுறையைப் பாதியில் நிறுத்தினான். "அதனால?"

"நான் ஒண்ணும் சொல்லல. வண்டி ஸ்டாண்டுலேருந்து விழுந்ததை நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். இப்பவும் சொல்லல."

"வண்டி விழவே இல்லையே மாமா."

"சரி."

அந்த ‘சரி'யைப் பத்தொன்பது வருஷமாகக் கேட்டவன் அவன். அதற்கு மேல் எழுந்துபோய் மறுபடி அளப்பது ஒன்றுதான் பாக்கி என்பது அவனுக்குத் தெரியும். கையுறையைக் கழற்றினான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்தான். சாவியை அதன்மேல் வைத்தான்.

"எதிர்ப் பட்டறைல மூணு தடவை கூப்பிட்டாங்க. மூணு தடவையும் மாட்டேன்னுட்டேன். நாலாவது தடவை அவங்க கூப்பிடல. நானே போய்க் கேட்டுக்கறேன்."

குரலை உயர்த்தவில்லை. போகும்போது ஷட்டரைக்கூட ஓங்கித் தட்டவில்லை. அதுவே நூல்காரருக்குச் சந்தேகமாக இருந்தது. நியாயம் தன் பக்கம் இருக்கிறவன் ஷட்டரைத் தட்டிவிட்டுப் போக மாட்டானா என்ன?

ஆறு மாதமாகத் தான் சொல்லிவந்தது கடைசியில் சரியாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை வீடு வரைக்கும் எடுத்துப்போனார். மனைவி கதவைத் திறந்தபோதே விஷயம் மாடிப்படி வழியாக இறங்கி வந்துவிட்டது தெரிந்தது.

"அவன் போயிடுவான், போயிடுவான்னு ஆறு மாசமா சொன்னீங்க" என்றாள். "போயிட்டான். இப்ப உங்களுக்கு நல்லாருக்கா?"

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம், தண்ணீர் இறங்கும் சத்தம், மைத்துனன் மனைவி இருமும் சத்தம் எல்லாம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டன.

நூல்காரர் தனியாக வேலை செய்தார். நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு செங்கல்லில் கட்டினார். செங்கல் எதிர்த்துப் பேசவில்லை, முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. ஆனால் இழுத்தால் கூடவே வந்தது. செயினுக்கு எதிரே யாரும் இல்லாததால் ஜாக்கியை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. சாயங்காலம் அளவு சரியாக வந்ததும் திருகை இறுக்கி, அதற்கு மேல் கம்பி சுற்றிக் கட்டினார். இரண்டு சாவியும் தன் இடுப்பில். அதுவும் போதாதென்று வெளியே வந்து ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு நூலைப் பசையால் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் நூல் அறுபடாமல் இருந்தது. பூட்டு அப்படியே இருந்தது. கம்பிச் சுற்று அப்படியே இருந்தது. ஜாக்கி கீழே இறங்கி, அதன் அடியில் கையகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. அளந்தார். ஆறு நூல்.

நூல்காரர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே வரக்கூடியவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக மனசில் கழித்துப் பார்த்தார். சந்தேகப்படுவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான். இது அவருக்குப் புதிய அனுபவம். ஆனால் ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். அந்த ஆள் தான்தான் என்பதற்காக அவர் சந்தேகத்தில் எந்தச் சலுகையும் காட்டவில்லை.

முதலில் ரிவெட்டுகளைப் பார்த்தார். சுரண்டிச் சுத்தம் செய்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக. சட்டம் கோணினால் ரிவெட்டின் ஓட்டை முட்டை வடிவில் இழுபட்டிருக்கும். எல்லாம் வட்டமாக, பிறந்த அன்றைக்குப் போல இறுக்கமாக இருந்தன. வலப்பக்கத் தாங்கியின் தகட்டைப் பார்த்தார். இடப்பக்கத் தகட்டைவிட நீளம். வெட்டி ஒட்டிய நீளம் அல்ல. அச்சில் அடித்த ஓரம். அதில் தொழிற்சாலை எண் பதிந்திருந்தது.

மேசைக்கு அடியில் கை விட்டுச் சாக்கை இழுத்தார். இந்த வண்டியின் பின்சக்கரங்களுக்கு வழக்கமான வில்பட்டை கிடையாது. அதற்குப் பதில் இரண்டு முறுக்குக் கம்பிகள். ஒவ்வொன்றும் வண்டியின் முழு அகலம். சக்கரம் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கேறித் தளரும். இந்த மாதிரிக் கம்பியைப் படத்தில் பார்த்திருக்கிறார், கையால் தொட்டதில்லை. ஒவ்வொன்றிலும் மைத்துனன் துண்டு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒன்றில் ‘இடது சக்கரம், முன்னே' என்றும், மற்றதில் ‘வலது சக்கரம், பின்னே' என்றும் வெல்டரின் குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. அடுத்தவர் எழுதிய சீட்டை நம்பி எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் இவர் இதுவரை அந்தச் சாக்கை அவிழ்க்கவே இல்லை.

கம்பிகளைச் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டுமே வண்டியின் முழு அகலத்துக்கு நீளம். இரண்டும் ஒரே இடத்தில் படுக்க முடியாது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால்தான் படுக்க வேண்டும். ஆகவே வலது சக்கரம் இடது சக்கரத்தைவிட முக்கால் அங்குலம் பின்னால்தான் இருக்கும். அதை வரைந்தவன் அப்படி வரைந்தான், அடித்தவன் அப்படி அடித்தான். தொண்ணூறு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் கோணலாக இருந்த வண்டியை நிமிர்த்தி நாசமாக்க, ஒரு ஜாக்கி, ஒரு செயின், ஒரு மைத்துனன் எல்லாவற்றையும் செலவழித்திருக்கிறார். அவரைத் தடுத்தது தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம் மட்டும்தான்.

டாக்டருக்கு போன் செய்தார். வண்டியின் ஒரு பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்குமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். ஆமாம், அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து காட்டுவாரே என்றார் டாக்டர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று இவர் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, பல் எடுத்த இடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நூல்காரர் பெரிய சாலையைக் கடந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. யார் திறந்தார்கள் என்று ஒரு தடவை பின்னால் பார்த்தார். மேசைக்குப் பின்னாலிருந்த டை கட்டிய ஆள் என்ன வண்டி என்று கேட்டார். "வண்டி இல்ல. மச்சான்" என்றார் நூல்காரர். சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அது எவ்வளவு உள்ளே போகுமோ என்று நுனியில் உட்கார்ந்தார்.

மைத்துனன் நீலச் சீருடையில் வந்தான். நெஞ்சில் கடையின் பெயர் தைத்திருந்தது. சவரம் செய்திருந்தான். நூல்காரர் இந்தத் தடவை அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"ரிவெட்டு அசையலன்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"அசையல."

மைத்துனன் காத்திருந்தான். அவ்வளவுதான் வரும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். சோபா இருவரையும் சமமாக உள்ளே இழுத்தது.

முறுக்குக் கம்பியை மாட்ட வேண்டும், உன் குறி ஒன்றும் புரியவில்லை, ஒருநாள் வந்து போ என்று நூல்காரர் சொன்னார். குறி முழுக்கப் புரிந்திருந்தது. அது மைத்துனனுக்கும் புரிந்தது. அவன் உள்ளே இருந்த இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க நான் ஒரு அளவு சொன்னா எழுதிக்கறாங்க மாமா."

"மறுபடி அளக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப தப்பா இருந்தா?"

மைத்துனன் அவரைப் பார்த்தான். சிரிப்பா கோபமா என்று அவனுக்கே தெரியாத ஏதோ ஒன்று முகத்தில் வந்து போனது. "நீங்க மறுபடி அளக்கறது எனக்குப் பிரச்சினையே இல்ல. செயினு முன்னாடி நிக்கறவன் நான்தானே, ரெண்டு தடவை அளந்தா எனக்குத்தான் நல்லது. ஆனா அளந்து பார்த்து சரியா இருந்தா, ஒரு வார்த்தை வராது உங்க வாயிலேருந்து. பத்தொன்பது வருஷம். தப்புன்னா மட்டும் வரும். நான் சரியா சொன்னது உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்போலன்னு நினைச்சுக்குவேன்."

 அப்படி இல்லை என்று சொல்லலாமா என்று நூல்காரர் யோசித்தார். அது உண்மையா என்று நிச்சயமாகத் தெரியாததால் சொல்லவில்லை.

சனிக்கிழமை, அங்கே வேலை முடிந்ததும் அவன் வந்தான். வரும் வழியில் ஜாக்கிக்கு ஒரு புது வளையம் வாங்கி வந்திருந்தான். கம்பிகளை ஏற்றினார்கள். முன்னே இருக்க வேண்டியதை முன்னேயும் பின்னே இருக்க வேண்டியதைப் பின்னேயும் மாட்டி, தாங்கிகளை இறுக்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதில் ஆறு ‘பிடி', மிச்சம் ‘விடு'. கடைசியில் மைத்துனன் தரையில் குனிந்து நூலைப் பிடித்து அளவு சொன்னான். இடப்பக்கம் இவ்வளவு, வலப்பக்கம் ஆறு நூல் கூட. நூல்காரர் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். எழுதிவிட்டு அங்கேயே நின்றார்.

மைத்துனன் பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நூல்காரர் எழுதியதைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டார்கள், அல்லது அவரைத் தெரிந்தவர்கள் நம்பத்தான் செய்வார்கள், பையிலிருந்து நூலை எடுத்து, முட்டி போட்டு, குறியில் வைத்து இழுத்தார். தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மைத்துனன் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு மாமா?"

நூல்காரர் முட்டியில்தான் இருந்தார். எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எதையாவது தேடுவதுபோல நடித்திருக்கலாம். சாக்பீஸ் உருண்டுபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் சொல்லும் இந்த மாதிரிக் காரணங்களை முப்பது வருஷமாகக் கேட்டு அவருக்கே ஒரு நூறு காரணம் மனப்பாடம்.

"நீ சொன்னதுதான்" என்றார். "ஆறு நூல். சரியா இருக்கு."

மைத்துனன் கையைத் துடைத்தான். துடைத்துக் காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். அங்கே இந்த மாசக் கடைசி வரைக்கும் வருவதாக ஒப்புக்கொண்டிருப்பதாகவும், சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு, "ஒண்ணாம் தேதி வரேன்" என்றான்.

மேல்கூட்டை ஆள் வைத்து ஏற்றி மாட்டியதும், செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து வண்டியை எடுத்துப் போனார். ஒரு பக்கம் நீண்ட அந்த வண்டி, அடித்து வைத்த கோடு போல நேராகத் தெருவில் போயிற்று.

நூல்காரர் அந்தச் சந்தோஷத்தை ஒரு மணி நேரம்தான் வைத்திருந்தார். அதற்குப் பிறகு தேதி பார்த்தார். ஒண்ணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. பத்தொன்பது வருஷமாக விடுமுறை. இது தெரியாமலா சொல்லியிருப்பான்? விடுமுறை நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொல்வதற்கு வராமல் இருப்பேன் என்றும் ஓர் அர்த்தம் உண்டே? மனைவியிடம் சொன்னார். அவள் இப்போது பேச ஆரம்பித்திருந்தாள். "அவன் மாடியிலதானே இருக்கான். பன்னெண்டு படி. ஏறிப் போய்க் கேளுங்களேன்" என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில்தான் கிடைக்கும்.

மாசம் முடியும் வரை அதையே சுமந்துகொண்டு திரிந்தார். படியில் மைத்துனனைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சாதாரணமாகத் தலையாட்டினான். அந்தச் சாதாரணம் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒண்ணாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரைக்கே அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். எங்கே என்று மனைவி கேட்கவில்லை. தெருவில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அச்சகத்து வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. பட்டறைப் பூட்டைத் திறந்து ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கினார். முழுக்கத் தூக்கினால் காத்திருப்பதாக ஆகிவிடும். உள்ளே போய், செய்ய வேலை ஒன்றும் இல்லாததால் சுவரில் இருந்த பழைய அளவுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது ஐந்துக்கு ஷட்டருக்குக் கீழே இரண்டு கால் வந்து நின்றன. பிறகு முழங்கால், பிறகு குனிந்த தலை. மைத்துனன்தான். பழைய சட்டை. கையில் சாப்பாட்டுப் பொட்டலம் ஏதும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தே?" என்றார் நூல்காரர்.

"நீங்க தொறப்பீங்களான்னு பார்க்க வந்தேன்" என்றான் அவன்.

நூல்காரர் துணியைக் கீழே வைத்தார். வாசலுக்கு வந்து ஷட்டரின் மிச்சப் பாதியையும் மேலே தள்ளினார்.